எத்தனை சொட்டு ரத்தம், மிஸ்டர் பாண்ட்?

கே: அந்தக் காலத்து ஜேம்ஸ் பாண்ட் ஜாலியாகச் சுட்டார். இப்போதைய பாண்ட் ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சுடுகிறார்? (கும்பகோணம்)

ப: எந்தக் காலத்து பாண்ட்? 1962-இல் வந்த முதல் படமான ‘டாக்டர் நோ’வை இன்னொரு முறை பாருங்கள். பேராசிரியர் டென்ட் இருட்டில் வந்து கட்டிலைப் பார்த்துச் சுட்டுத் தள்ளுகிறார். கட்டிலில் இருப்பது தலையணைகள். ஷான் கானரியோ கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிராளியின் துப்பாக்கியில் குண்டு தீர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் சுடுகிறார். விழுந்தவருக்கு முதுகில் இன்னொன்று வேறு. ஜாலியெல்லாம் ரோஜர் மூர் வந்த பிறகு சேர்ந்த சரக்கு.

கே: பாண்ட் படங்களிலேயே கொடூரமானது எது? (திருநெல்வேலி)

ப: 1989-இல் வந்த ‘லைசென்ஸ் டு கில்’. பாண்டின் நண்பர் ஃபெலிக்ஸ் லீட்டரைச் சுறாவுக்குப் போடுகிறார்கள். ஒருவர் அழுத்த அறைக்குள் தலை வெடித்துச் சாகிறார். இன்னொருவர் அரவை இயந்திரத்துக்குள் போகிறார் (அந்த ‘இன்னொருவர்’ இளவயது பெனிசியோ டெல் டோரோ). பிரிட்டனில் 15 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை என்று சான்றிதழ் வாங்கிய முதல் பாண்ட் படம் இது.

சுறாவை நான் குறை சொல்ல மாட்டேன். அது இயான் ஃப்ளெமிங் 1954-இலேயே ‘லிவ் அண்ட் லெட் டை’ நாவலில் எழுதி வைத்த சுறாதான். என் கோபம் கடைசிக் காட்சி மேல். கல்யாணமான அன்றே மனைவியைப் பறிகொடுத்து, காலையும் இழந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் லீட்டர், போனில் பாண்டோடு சிரித்துப் பேசுகிறார்! அவ்வளவு ரத்தத்தைக் காட்டிவிட்டு, பட்டவனுக்கே அது வலிக்கவில்லை என்றால் எதற்காகக் காட்டினார்கள்?

கே: அந்தப் படத்தின் வன்முறையால்தானே பாண்ட் ஆறு வருடம் காணாமல் போனார்? (ஈரோடு)

ப: இல்லை. படக் கம்பெனிகளுக்குள் வழக்கு. சுறாவால் முடியாததை வக்கீல்கள் முடித்துக் காட்டினார்கள்.

கே: ரோஜர் மூர் படங்கள் குழந்தைகள் படம்தானே? அதில் வன்முறை ஏது? (கோவை)

ப: அப்படித்தான் எல்லோரும் நம்புகிறோம். ‘ஆக்டோபஸி’யை (1983) எடுத்துக்கொள்ளுங்கள். நம் சென்னையில் பிறந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ், விஜய் என்ற பெயரிலேயே வருகிறார். உதய்ப்பூரில் ஆட்டோ துரத்தல். டென்னிஸ் மட்டையாலேயே அடியாட்களை விளாசுகிறார். வேடிக்கை பார்க்கும் கூட்டம் விம்பிள்டனில் உட்கார்ந்த மாதிரி இடமும் வலமும் தலையைத் திருப்புகிறது. தியேட்டரே சிரிக்கும். பிறகு அதே விஜய்யை, கயிற்றில் சுழலும் வட்ட ரம்பத்தோடு வந்து கொன்றுவிடுகிறார்கள். படத்தின் ஆரம்பத்தில் 009 என்ற உளவாளி சர்க்கஸ் கோமாளி வேஷத்தில் முதுகில் கத்தியோடு ஓடிவந்து சாகிறார். முடிவில் பாண்டும் அதே கோமாளி வேஷத்தில் அணுகுண்டைச் செயலிழக்க வைக்கப் போராடுகிறார். சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள், நமக்கு வியர்க்கிறது. இதே படத்தில்தான் மூர் டார்ஜான் போலக் கத்திக்கொண்டு விழுதில் தொங்குகிறார் என்பதையும் மறைக்க முடியாது.

இந்தக் கலவைதான் பாண்ட். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வேறு யாரோ.

கே: மனதை மிகவும் பாதித்த மரணம்? (தஞ்சாவூர்)

ப: 1969-இல் வந்த ‘ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ படத்தில் பாண்டின் மனைவி டிரேசி. தாலி கட்டிய கையோடு என்பார்களே, அப்படி. கார் கண்ணாடியில் ஒரே ஒரு குண்டு ஓட்டை. அரைக் கரண்டி ரத்தம்கூட இல்லை.

கே: டேனியல் கிரெய்க் வந்த பிறகு படம் முழுக்க இருட்டு, அழுகை. இது சரியா? (புதுச்சேரி)

ப: பாதி சரி. ‘டை அனதர் டே’யில் கண்ணுக்கே தெரியாத காரைக் கொண்டுவந்தார்கள். அதற்கு மேல் எங்கே போவது? தரைக்குத்தான் இறங்க வேண்டும். 2006-இல் ‘கேசினோ ராயல்’ இறங்கியது.

அதில் நாற்காலிச் சித்திரவதையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் சொல்வது மாடிப்படிச் சண்டைக்குப் பிறகு வரும் இரண்டு காட்சிகளை. பாண்ட் குளியலறையில் ரத்தக் கறையைக் கழுவுகிறார், கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறார், விஸ்கியை ஒரே மடக்கில் இறக்குகிறார், சட்டை மாற்றிக்கொண்டு சீட்டாடப் போகிறார். திரும்பி வந்தால், கதாநாயகி வெஸ்பர் விருந்துக்குப் போட்ட உடையோடு ஷவருக்கு அடியில் உட்கார்ந்து நடுங்குகிறாள். பக்கத்தில் போய் அவரும் நனைகிறார். கொலை நடந்த வீட்டில் மறுநாள் எப்படி இருக்கும் என்று பாண்ட் படம் அதற்கு முன் யோசித்ததே அபூர்வம்.

அடுத்து வந்த ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ஸில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே புரியவில்லை, எடிட்டரின் கத்திரிதான் எல்லோரையும் அடித்தது. ‘நோ டைம் டு டை’யில் சோகத்தை மூட்டை மூட்டையாக இறக்கி, பாண்டையே கொன்றுவிட்டார்கள். அளவு தெரிந்த படம் ‘ஸ்கைஃபால்’. கூரை பிய்ந்த ரயில் பெட்டிக்குள் குதித்ததும் சட்டைக் கையைச் சரிசெய்கிறார் பாருங்கள், அந்த ஒரு நொடியில் பழைய ஆள் வந்துவிட்டுப் போகிறார்.

கே: ரத்தம் கூடினால் வசூலும் கூடுமா? (சேலம்)

ப: ‘ஸ்கைஃபால்’ 100 கோடி டாலரைத் தாண்டியது. பிரிட்டனில் அதற்குக் கிடைத்த சான்றிதழ், சிறுவர்கள் பெரியவர்களோடு பார்க்கலாம் என்கிற 12ஏ.

கே: ‘ஸ்பெக்டர்’ படத்தில் நம் தணிக்கைக் குழு எதை வெட்டியது? (மதுரை)

ப: முத்தத்தை. நீளத்தைப் பாதியாக்கினார்கள். லண்டனில் அதே படத்தில் கட்டைவிரலால் கண்ணைப் பிதுக்கும் காட்சியைக் குறைக்க வேண்டியிருந்தது. அவரவருக்கு அவரவர் பயம்.

கே: அடுத்த பாண்ட் படத்துக்கு உங்கள் ஆலோசனை? (சென்னை)

ப: என்னை யார் கேட்டார்கள்? படைப்பு உரிமை அமேசான் கைக்குப் போய்விட்டது. 2025-இல் டெனிஸ் வில்நவை இயக்குநராக அறிவித்தார்கள். ‘சிகாரியோ’ எடுத்தவருக்கு இருட்டைக் கற்றுத்தர வேண்டியதில்லை. அடி வலிக்கட்டும், ரத்தம் வழியத் தேவையில்லை. நல்ல ஜோக் எழுதத் தெரிந்த ஒருவரை மட்டும் சம்பளம் கொடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

கே: பத்து வயது மகனுக்கு எந்த பாண்ட் படத்தை முதலில் காட்டலாம்? (திருச்சி)

ப: 1977-இல் வந்த ‘தி ஸ்பை ஹூ லவ்டு மீ’. கார் கடலுக்குள் பாய்ந்து நீர்மூழ்கியாக மாறும்போது அவன் முகத்தைப் பாருங்கள். அதிலும் ஒரு சுறா உண்டு, ஆரம்பத்தில் ஒரு பெண்ணை விழுங்குகிறது. அந்த இடத்தில் பஜ்ஜித் தட்டை நீட்டிவிடுங்கள். கடைசியில் இரும்புப் பல் அடியாள் ஜாஸ் அந்தச் சுறாவையே கடிக்கிறார், அதை அவன் தவறவிடக் கூடாது. ‘லைசென்ஸ் டு கில்’லை மீசை அரும்பிய பிறகு அவனே பார்த்துக்கொள்வான்.