சட்டியில என்னத்தப் போடப் போறீக?

அடேய் பேராண்டி, கொடைக்கானல் மேல்மலையில ரெண்டு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கப் போறீகன்னு ஒன் ஆத்தா சொன்னா. சந்தோசம். நீ எழுதி வச்ச சாமான் பட்டியலையும் ஒன் தங்கச்சி படிச்சுக் காட்டுனா. தலையில மாட்டுற லைட்டு, மடக்கு நாக்காலி, பாட்டுப் பொட்டி, மரத்துல கட்டித் தொங்குற வலைக்கட்டிலு, எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கு. சாப்பாடுங்கிற எடத்துல மட்டும் ‘நூடுல்ஸ், சிக்கன், மத்தது அங்க போய்ப் பாத்துக்கலாம்’னு ஒத்தை வரி. அங்க போய்ப் பாத்தா மலை தெரியும் அப்பு. சோறு தெரியாது.

செம்மறிக் கிடையோட சிவகங்கைச் சீமையில இருந்து தஞ்சாவூர் வயக்காடு வரைக்கும் நடந்தவன் நான். அறுப்பு முடிஞ்ச வயல்ல ஆட்டைக் கிடை மறிச்சு, மூணு கல்லக் கூட்டி, வெட்டவெளியில ஆக்கித் தின்ன பொழப்பு. அதையே இன்னைக்கு எவனோ தலைக்கு ஆயிரக்கணக்குல வாங்கிக்கிட்டு ஒங்களுக்கு விக்கிறான். பொழைக்கத் தெரியாத கீதாரி நான்.

மொதல்ல அந்தக் கோழிக்கு வருவோம். சென்னையில மசாலா தடவி, வண்டியில ராத்திரி பூரா கொண்டுபோயி, மறுநா சாயங்காலம் சுடப் போறீகளாமே. அதுவரைக்கும் அதுக்கு யாரு விசிறி விடுவா? பச்சைக்கறி குளிர்ச்சி இல்லாம ரெண்டு மணி நேரத்துக்கு மேல கெடந்தா நம்பக் கூடாது. நல்ல வெயில்னா ஒரு மணி நேரந்தான். ஐஸ்பொட்டியில ஐஸ் உருகாமக் கொண்டுபோக வழி இருந்தா கொண்டுபோங்க. அப்பவும் மொத ராத்திரியே தீத்துரணும். எலும்பு ஒட்டுன எடம் வரைக்கும் 74 டிகிரி சூடு ஏறணும்னு கணக்கு. வெளிய கருகி உள்ள செவந்து கெடந்தா அதுக்குப் பேரு பார்பிக்யூ இல்ல, பேதி. குத்திச் சுடுறதுக்கு அங்கன கெடக்கிற குச்சியை ஒடிச்சுறாதீக. அரளியா இருந்தா பூவுதான் அழகு, குச்சி பூரா விசம். கம்பி கொண்டுபோங்க.

அப்புறம் அந்த ஒசரம். கொடைக்கானல் 2,100 மீட்டர். அங்க தண்ணி 93 டிகிரியிலேயே கொதிச்சுரும். கொதிச்சிருச்சுன்னு நீ சந்தோசப்படுவ, கொண்டைக்கடலை சந்தோசப்படாது. விடிய விடிய வெந்தாலும் கடுக்குன்னுதான் கெடக்கும். அதனால ராத்திரியே ஊறப்போடணும், குக்கர்ல வேகவைக்கணும். பாட்டுப் பொட்டியை வீட்டுல வச்சுட்டு அந்த எடத்துல குக்கரை வையி. பாட்டு வேணும்னா அது விசிலடிக்கும். புளியைப் பருப்பு வெந்த பொறவு ஊத்து. முந்தி ஊத்துனா பருப்பு முறுக்கிக்கும். குடிக்கிற தண்ணிய அந்த ஒசரத்துல மூணு நிமிசம் தளதளன்னு கொதிக்க விடு. ஓடைத்தண்ணி கண்ணாடியா இருக்கும்தான். மேல ஆடு மேயுதா மாடு மேயுதான்னு கண்ணாடி சொல்லுமா?

சரி, சட்டியில என்னத்தப் போடுறது? ஒன் தங்கச்சிதான் ஐதராபாத்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொன்னதைப் படிச்சுக் காட்டுனா. தானியம் மூணு பங்குன்னா பருப்பு ஒரு பங்காம். சிரிச்சுட்டேன். ஒன் அப்பத்தா படிக்காமலே அந்தக் கணக்குலதான் பொங்கலுக்கு அளப்பா. ஆறு பேருக்கு ஒரு வேளைக்குச் சாமை 600 கிராம், பாசிப்பருப்பு 200 கிராம். பருப்பை வாசம் வர வறுத்து, மிளகு, சீரகம், சுக்கு, உப்பு எல்லாம் அளந்து, வேளைக்கு ஒரு துணிப்பையா வீட்டுலயே கட்டிரு. அங்க போயி எது உப்பு எது சீனின்னு டார்ச்சு அடிச்சுத் தேட வேண்டியதில்ல. பையை அவுத்துக் கொட்டு, தண்ணிய ஊத்து, மூடு. சாமை வெரசா வேகும், கேஸும் மிச்சம்.

பச்சைப்பயறைப் பொறப்படுறதுக்கு மொத நா காலையில ஊறப்போட்டு, ராத்திரி ஈரத்துணியில கட்டித் தொங்கவிடு. வண்டி ஏறும்போது கையோட எடுத்துக்க. மலை ஏறுறதுக்குள்ள மொளை விட்டிருக்கும். அங்க போயிக் கட்டுனா அந்தக் குளிருல அதுவும் ஒன்னைய மாதிரி போத்திக்கிட்டுத் தூங்கிரும். பச்சையா மெல்லாதீக, அவிச்சு ரெண்டு வெங்காயம் அரிஞ்சு போடுங்க. கூட ஒரு முட்டை. காலைச் சாப்பாடு முடிஞ்சது. நடக்கும்போது கொறிக்க வறுத்த கடலை, பொரிகடலை, கருப்பட்டி. பளபளன்னு காகிதம் சுத்தி ஒரு கட்டி நூறு ரூவாய்க்கு விக்கிறானே, அதுக்குள்ளயும் இந்தக் கடலைதான் அப்பு இருக்கு.

காய்க்கு ஒரு முறை இருக்கு. சாகப்போறதை முந்தித் தின்னணும். கீரை மொத ராத்திரி, வெண்டை தக்காளி மறுநா, பூசணி, பீட்ரூட், உருளை கடைசி. அரிஞ்சு டப்பாவுல அடைக்காத. முழுசா இருந்தாத்தான் தாங்கும். இன்னொன்னு, நீ போற பாதையிலதான் பூம்பாறை இருக்கு. கேரட்டும் உருளையும் பூண்டும் வெளையுற ஊரு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு வேற குடுத்திருக்காக. அந்த வயக்காட்டு வழியே கோயம்பேட்டுக் கேரட்டைச் சொமந்துக்கிட்டுப் போனா ஊர்க்காரன் சிரிக்க மாட்டானா? அப்படியே மன்னவனூருக்கும் போயி அந்த ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணையைப் பாத்துட்டு வா. ஆட்டைப் பத்தி என்ன கேக்கணும்னு நான் தனியா எழுதித் தாரேன்.

நூடுல்ஸை வேணாம்னு சொல்லல. மழை வந்து எல்லாம் நனைஞ்சா அதுதான் தொணை. ஆனா நாளைக்கு 5 கிராம் உப்பு போதும்ங்கிற ஒடம்புக்கு, ஒரு பொட்டலத்துலயே மூணுல ஒரு பங்கை எறக்கிருவான். மூணு வேளையும் அதையே தின்னா அப்புறம் தாகம் தாகம்னு ஓடையைத் தேடுவீக.

தீ விசயத்துல மட்டும் வெளையாட்டு இல்ல. வனத்துறை எல்லைக்குள்ள அடுப்பே மூட்டக் கூடாது. எடத்துக்காரரு தீ மூட்டிக்கச் சொன்ன எடத்துல மட்டும், சுத்திச் சருகைக் கூட்டிட்டு மூட்டு. காத்து அடிச்சா கேஸு அடுப்போட நிறுத்திக்க. 2018 மார்ச்சுல குரங்கணியில காட்டுத்தீயில சிக்கி 20 பேருக்கு மேல போயிட்டாக. மலையேறப் போன புள்ளைக. காஞ்ச புல்லுல தீ ஓடுற வேகத்துக்கு மனுசக் கால் ஈடு குடுக்காது.

ராத்திரி மிச்சச் சோறு மூடி வச்சு காலையில தின்னலாம்னு நெனைக்காத. தண்ணி ஊத்தி வச்சாலும் அந்தக் குளிருல பழையசோறு புளிக்காது, வெறுஞ்சோறா வெறச்சுக் கெடக்கும். அளவா ஆக்கு. தின்பண்டத்தைக் கூடாரத்துக்குள்ள வச்சுக்கிட்டுப் படுக்காத. காட்டுமாடும் காட்டுப்பன்னியும் திரியிற எடம். வாசம் புடிச்சு வந்துச்சுன்னா செல்பி எடுக்க நீ இருக்க மாட்ட.

பாத்திரத்தை ஓடையில முக்காம எட்டக் கொண்டுபோயிக் கழுவுங்க. அதுக்கு ஆள் யாருன்னு இப்பவே பேசி முடிச்சுருங்க. கரண்டி புடிக்க ஆறு பேரும் போட்டி போடுவீக. மலையில சிக்னலே இல்லைன்னு பொலம்புற பயலுக்குக்கூட, கழுவுற நேரம் வந்தா ஆபீஸ்ல இருந்து போன் வந்துரும்.