ஃபேன்டம் காலரை மறுபடி பிடிப்பது எப்படி?

இந்த வழிகாட்டி 40 வயதைத் தொட்டவர்களுக்கு மட்டும். 12 வயதுக்காரர்களுக்கு வழிகாட்டி வேண்டாம். புத்தகத்தைத் திறப்பார்கள், கவிழ்ந்து படுப்பார்கள், முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். நமக்கு அந்த வித்தை விட்டுப்போய் வருஷக்கணக்காகிறது. அதனால்தான் சிறுவயதில் படித்த ஹாலோவீன் மர்மக் கதையை மறுபடி படிப்பதற்குக்கூட ஒரு செய்முறை தேவைப்படுகிறது.

முதலில் சரியான புத்தகத்தை எடுங்கள். பெற்றோர் வெளியே போகும்போது அவர்கள் பிள்ளைகளைக் காசுக்குப் பார்த்துக்கொள்ளும் சில பள்ளிச் சிறுமிகளின் கதையான ஆன் எம். மார்ட்டினின் 'தி பேபி-சிட்டர்ஸ் கிளப்' கடல் போன்ற சமாச்சாரம். 1986இல் தொடங்கி 2000 வரை மூல வரிசையில் மட்டும் 131 புத்தகங்கள் வந்தன. மர்மக் கதைகள் தனியாக 36. சூப்பர் ஸ்பெஷல் என்று தடித்தடியாக 15. இத்தனைக்கும் ஆரம்பத்தில் ஸ்கொலாஸ்டிக் பதிப்பகம் போட்ட கணக்கு நாலே நாலு புத்தகம்தான். வேறொரு பேபிசிட்டிங் கதை எதிர்பாராமல் நன்றாக விற்பதைக் கவனித்த ஜீன் ஃபைவெல் என்ற எடிட்டர், இதே மாதிரி ஒரு வரிசை எழுதித் தர முடியுமா என்று மார்ட்டினிடம் கேட்டார். அதற்குப் பிறகு கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டோனிபுரூக் என்ற கற்பனை ஊரில் யாரும் பெற்ற பிள்ளையைத் தாங்களே பார்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இந்தக் கடலில் ஹாலோவீன்கள் பல. சில புத்தகங்கள் போனதும் பெண்கள் எட்டாம் வகுப்புக்கு வந்துவிடுவார்கள், பிறகு வரிசை முடிகிறவரை அங்கேயே இருப்பார்கள். ஒரே வகுப்பில் எத்தனை அக்டோபர் 31 வரலாம் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் இந்த வரிசை உங்களுக்கு ஒத்துவராது; மூடிவிட்டு வேறு வேலை பாருங்கள். நாம் எடுக்கப்போவது 2ஆம் எண், 'கிளாடியா அண்ட் தி ஃபேன்டம் ஃபோன் கால்ஸ்'. 1986இல் வந்தது. பெண்கள் இன்னும் ஏழாம் வகுப்பில், 12 வயதில் இருக்கிறார்கள். காலம் ஒழுங்காக நகர்ந்துகொண்டிருந்த நாட்கள்.

ஒளித்துவைத்தல்

புத்தகம் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை அதை ஒளித்துவைப்பது. இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கதாநாயகி கிளாடியா கிஷி தன் அறையில் இரண்டு பொருட்களை ஒளித்துவைக்கிறாள். ஒன்று மிட்டாய், சிப்ஸ் வகையறா. இன்னொன்று நான்சி டிரூ துப்பறியும் கதைகள். அம்மா ஊர் நூலகத்தின் தலைமை நூலகர். மகள் உயர்ந்த இலக்கியம் படிக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அக்கா ஜனீனின் ஐ.க்யூ. 196. அப்படிப்பட்ட வீட்டில் எழுத்துப்பிழை இல்லாமல் ஒரு வரி எழுதத் தெரியாத பெண், தலையணைக்கடியில் துப்பறியும் கதையை வைத்துக்கொண்டு படிக்கிறாள். நீங்களும் அந்த வயதில் அதேபோல எதையாவது பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். ருசியில் பாதி அங்கேதான் இருந்தது.

இன்றைக்குச் சிக்கல் என்னவென்றால், உங்களைத் தடுக்க ஆளில்லை. சோபாவில் பட்டவர்த்தனமாக உட்கார்ந்து படித்தால் ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். எனவே தடையைச் செயற்கையாக உண்டாக்கிக்கொள்ளுங்கள். மனைவியோ கணவரோ பெருமையாகப் பரிசளித்த, பரிசு பெற்ற 900 பக்க நாவல் ஒன்று 14ஆம் பக்கத்தில் அடையாளச் சீட்டோடு அலமாரியில் இருக்கும். அதற்குள் வையுங்கள். சரியாகப் பொருந்தும்.

மிட்டாயை ஒளித்துவைக்கச் செயற்கை ஏற்பாடு எதுவும் வேண்டாம். போன ரத்தப் பரிசோதனையோடு அந்தத் தடை தானாகவே வந்திருக்கும். கிளப்பின் பொருளாளர் ஸ்டேசிக்குச் சர்க்கரை நோய். மற்றவர்கள் வாய் ஓயாமல் கொறிக்கும்போது அவள் மட்டும் தொடாமல் உட்கார்ந்திருப்பாள். முதல் வாசிப்பில் இது உங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது. இந்த முறை ஸ்டேசி வரும் ஒவ்வொரு பக்கத்திலும் கை தானாக மாத்திரை டப்பாவைத் தேடும்.

இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள். யார் தலைவர், யார் செயலாளர், யாருடைய அப்பா யாரை மணந்தார், யார் என்ன கம்மல் போட்டிருக்கிறாள் என்று ஆதியோடந்தமாக அறிமுகப்படுத்தும் அந்த அத்தியாயம் பின்னாளில் இந்த வரிசையின் முத்திரையே ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் எல்லோரும் அதைத் தாண்டித்தான் படித்தார்கள். இப்போது உட்கார்ந்து படியுங்கள். வயதானவர்களுக்கு உறவுமுறை விவரம் பிடிக்கும்.

தொலைபேசிக்குப் பயப்படப் பழகுதல்

இதுதான் கடினமான கட்டம். ஸ்டோனிபுரூக் சுற்றுவட்டாரத்தில் ஒரு திருடன் உலவுகிறான். நகை மட்டும்தான் எடுப்பான். வீட்டுக்கு ஃபோன் செய்வான். யாராவது எடுத்தால் பேசாமல் வைத்துவிடுவான். யாரும் எடுக்காவிட்டால் வீட்டில் ஆளில்லை என்று புகுந்துவிடுவான். பத்திரிகைகள் அவனுக்கு ஃபேன்டம் காலர் என்று பெயர் வைக்கின்றன.

இதில் உங்களுக்குப் பயம் வர வேண்டும் என்றால் கைபேசியை அணைத்துவிட்டு வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். 1986இன் தொலைபேசியை மனதில் நிறுத்துங்கள். சுருள் கம்பி. அழைப்பவரின் எண்ணைக் காட்டும் திரை கிடையாது. மணி அடிக்கும், எடுக்கும்வரை அது அம்மாவாகவும் இருக்கலாம், அத்தையாகவும் இருக்கலாம், கொலைகாரனாகவும் இருக்கலாம். முன்பின் பழகாத வீடு. குழந்தைகள் தூங்கிவிட்டன. கிளாடியா ரிசீவரை எடுத்து ஹலோ என்கிறாள். பதில் இல்லை. வைத்துவிட்ட சத்தம் மட்டும் கேட்கிறது. இவள் ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கிறதா என்று யோசிக்கிறாள்.

இன்று அந்தத் திருடனுக்குப் பிழைப்பில்லை என்று நினைப்பீர்கள். யோசித்துப் பாருங்கள், நிலைமை தலைகீழ். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை இப்போது யார் எடுக்கிறோம்? எல்லாம் தனிநபர் கடன் கொடுக்கிறவர்கள் என்று விட்டுவிடுகிறோம். அவன் கணக்கில் நாட்டில் ஒரு வீட்டிலும் ஆளில்லை. 2020இல் நெட்ஃபிளிக்ஸ் இந்தக் கதைகளைத் தொடராக எடுத்தபோது, எல்லோர் கையிலும் ஸ்மார்ட்ஃபோன் இருக்கும் காலத்துக்குக் கதையைக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் கிளாடியாவின் அறையில், உள்ளே இருக்கும் பாகங்களெல்லாம் தெரிகிற பழைய கண்ணாடி மாடல் லேண்ட்லைன் ஒன்றைக் கொண்டுவந்து வைக்க வேண்டியிருந்தது. பெற்றோர்கள் அழைக்கும் அந்த ஃபோன் மணியடிக்காவிட்டால் கிளப்பும் இல்லை, கதையும் இல்லை.

இந்தப் பயத்தின் பூர்வீகம் தெரிந்தால் வாசிப்பு இன்னும் சுவைக்கும். தனியாகக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பதின்வயதுப் பெண்ணுக்கு மர்மத் தொலைபேசி வருகிறது, அழைப்பு அதே வீட்டின் மாடியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். இது அமெரிக்காவில் வாய்வழியாகச் சுற்றிய பழைய கதை. 1979இல் 'வென் எ ஸ்ட்ரேஞ்சர் கால்ஸ்' என்று படமாகவே வந்தது. அதற்கு ஒரு வருடம் முன்னால் ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்'. அதிலும் முகமூடிக்காரனிடம் மாட்டிக்கொள்வது பேபிசிட்டர்கள்தான். ஆக, மார்ட்டின் எழுத உட்கார்ந்தபோது பேபிசிட்டர், தொலைபேசி, அக்டோபர் இருட்டு என்று எல்லாச் சாமானும் திகில் படக் கிடங்கிலேயே தயாராக இருந்தன. மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு வந்து, கத்தியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார். கெட்டிக்காரர்.

பெரியவராகிவிட்டதை மறைத்தல்

பாதிப் புத்தகத்தில் உங்களுக்கு ஒரு சங்கடம் வரும். முதல் வாசிப்பில் நீங்கள் கிளாடியா. இப்போது பக்கத்துக்குப் பக்கம் உங்களை அறியாமல் ஏதோ ஒரு குழந்தையின் அம்மாவாகவோ அப்பாவாகவோ மாறிக்கொண்டிருப்பீர்கள். ஊரில் திருடன் உலவுகிறான். இந்தப் பெண்களுக்குத் தெரியும். வீட்டில் சொன்னார்களா? இல்லை. சொன்னால் வேலைக்கு அனுப்பமாட்டார்கள் என்று ஒன்றுகூடித் தீர்மானம் போட்டு மறைக்கிறார்கள். ஆபத்து வந்தால் ஃபோனில் ரகசியச் சொற்றொடர் சொல்வது, கதவருகே சாமான்களை அடுக்கிப் பொறிவைப்பது, இவைதான் பாதுகாப்பு ஏற்பாடு. இதற்கு நடுவில் இவர்களிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு, விருந்துக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள் பெற்றோர்கள். இங்கே உங்களுக்கு வாய்விட்டுத் திட்டத் தோன்றும். திட்டக்கூடாது. இந்த வரிசை உலகெங்கும் 17 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றதே, பெரியவர்கள் இல்லாமல் எல்லாம் நடக்கும் என்ற அந்த ஒரு வாக்குறுதியில்தான். திங்கள், புதன், வெள்ளி மாலை 5:30 முதல் 6 வரை கூட்டம், சந்தா, பதிவேடு, பதவிகள். பெரிய பெரிய சங்கங்கள்கூட இத்தனை ஒழுங்காகக் கூடியதில்லை.

அப்படியும் அடங்காவிட்டால் மீமீ வரும் இடங்களுக்குப் போங்கள். ஜப்பானிலிருந்து வந்த பாட்டி. அந்த வீட்டில் கிளாடியாவை யாரோடும் ஒப்பிடாத ஒரே ஆள். முதல் வாசிப்பில் நாம் திருடனைத் தேடும் அவசரத்தில் பாட்டி பேத்தி பேச்சையெல்லாம் புரட்டித் தள்ளியிருப்போம். 7ஆம் எண்ணில் மீமீக்குப் பக்கவாதம் வருகிறது என்றும் 26ஆம் எண்ணில் இறந்துபோகிறார் என்றும் தெரிந்துகொண்டு படிக்கிறவரால் அப்படிப் புரட்ட முடியாது.

கிளாடியாவையும் இந்த முறை நிதானமாகப் பாருங்கள். ஆசிய முகம் என்றால் கணக்கில் புலி என்று அமெரிக்கா முடிவு கட்டியிருந்த காலம் அது. கணக்கில் தடுமாறுகிற, ஓவியம் வரைகிற, பள்ளியிலேயே அட்டகாசமாக உடுத்துகிற ஒரு ஜப்பானிய அமெரிக்கப் பெண்ணை மார்ட்டின் எழுதினார். அக்கா ஜனீனை மேதையாக்கிப் பக்கத்து அறையில் வைத்தது அந்த முடிவுக்கு விட்ட நக்கல் மாதிரியே எனக்குப் படுகிறது. கிளாடியாவைப் பார்த்து வளர்ந்த ஆசிய அமெரிக்க எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் வைத்து 'தி கிளாடியா கிஷி கிளப்' என்று 2020இல் ஆவணப்படமே வந்தது. பேபிசிட்டர் கதாபாத்திரங்களில் வேறு யாருக்கும் அந்த யோகம் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

குற்றவாளியைக் கண்டுபிடித்தல்

உங்களுக்கு விடை தெரியும். தெரியாதது மாதிரி நடிக்க முயல வேண்டாம். வேறு வழி இருக்கிறது: விடையைக் கையில் வைத்துக்கொண்டு, அது சரியான விடைதானா என்று பாருங்கள்.

பேசாமல் ஃபோனை வைத்தவன் திருடன் இல்லை. கிளப்பின் தலைவி கிறிஸ்டியைப் பள்ளியில் ஓயாமல் சீண்டிக்கொண்டிருந்த ஆலன் கிரே. பள்ளியின் ஹாலோவீன் நடனத்துக்கு அவளைக் கூப்பிட ஆசை. குரல் கேட்டதும் தைரியம் போய்விடுகிறது. கிளாடியாவுக்கு வந்த அழைப்புகள் டிரெவர் சாண்ட்போர்னுடையவை. பள்ளிப் பத்திரிகையில் கவிதை எழுதும் பையன். போலீஸ் வரை போன விவகாரம் இரண்டு அழைப்பிதழ்களாக முடிகிறது. 12 வயதில் நீங்கள் இங்கே சிரித்தீர்கள், கொஞ்சம் வெட்கப்பட்டீர்கள், புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தீர்கள்.

இப்போது அந்தப் பக்கத்தை மறுபடி படியுங்கள். கிறிஸ்டி எந்த மாலை எந்த வீட்டில் இருப்பாள் என்பது ஆலனுக்கு எப்படித் தெரிந்தது? கிளப்பின் நோட்டைத் திருட்டுத்தனமாகப் பார்த்து. ஒரு பெண் எப்போது எங்கே தனியாக இருப்பாள் என்று குறித்து வைத்துக்கொண்டு, அந்த நேரம் பார்த்து, அந்த வீட்டுக்கு அழைத்து, பேசாமல் வைத்தவன். புத்தகம் இதைக் கூச்சம் என்கிறது. நடுத்தர வயது வாசகர் இதற்கு வேறு பெயர் வைப்பார். ஒரு பெண்ணுக்குப் பெற்றவராக இருந்தால் அந்தப் பெயரை உரக்கவே சொல்வார். நகைத் திருடனாவது ஆள் இருக்கிற வீட்டைத் தவிர்த்தான்.

கிறிஸ்டி ஆலனோடு நடனத்துக்குச் சம்மதித்துவிடுகிறாள். நான் சம்மதிக்கவில்லை. ஆலன் மோசமான பையன் என்பதல்ல என் கட்சி. அவனை யாராவது உட்காரவைத்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான். சொல்வதற்குத்தான் அந்த ஊரில் பெரியவர்கள் யாரும் வீட்டில் இல்லையே.

புத்தகத்தை முடித்தவர்கள் அதைப் பரிசு பெற்ற நாவலிலிருந்து வெளியே எடுத்து, வீட்டில் 12 வயது ஆள் இருந்தால் கொடுத்துவிடலாம். விடையைச் சொல்லாதீர்கள். ஆலன் பற்றிய உங்கள் பிரசங்கத்தையும் அவர்கள் படித்து முடிக்கும்வரை அடக்கிவையுங்கள். ஹாலோவீன் போதவில்லை என்பவர்களுக்கு 17ஆம் எண், 'மேரி ஆன்ஸ் பேட் லக் மிஸ்டரி' இருக்கிறது. அதில் நள்ளிரவில் கல்லறைக்கு வரச் சொல்லி மொட்டைக் கடிதம் வருகிறது, இவர்கள் போகவும் போகிறார்கள். அதைத் தொடங்குவதற்கு முன் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.