பல்லிக்கு வந்த வாழ்வு

தமிழ்நாட்டில் பல்லி வளர்ப்பதைவிடச் சுலபமான காரியம் கிடையாது. வராந்தாவில் ஒரு டியூப் லைட் மாட்டினால் போதும். பொழுது சாய்ந்ததும் பூச்சி வரும், பூச்சிக்குப் பின்னாலேயே பல்லி வரும். சுவர்க்கடிகாரத்துக்குப் பின்னால் படுக்கை, சுவர் விரிசலில் பிரசவம், குழாயடியில் தண்ணீர். வாடகை இல்லை, வைத்தியச் செலவு இல்லை. நம் பங்குக்கு முட்டை ஓட்டை ஜன்னல் கம்பியில் சொருகி அதைத் துரத்தப் பார்ப்போம். அது அந்த ஓட்டின் மேலேயே ஏறி நின்று நம்மைப் பார்க்கும்.

லண்டனுக்கு வெளியே இருக்கும் எங்கள் வீட்டில், அந்தப் பல்லியின் ஒன்றுவிட்ட தங்கையை வளர்ப்பதற்குக் கண்ணாடிப் பெட்டி, இரண்டு வகை விளக்கு, தெர்மோஸ்டாட், ஈரப்பதம் காட்டும் மீட்டர், ஸ்ப்ரே பாட்டில், பலவகைப் பொடிகள், ஈ வளர்க்கும் டப்பாக்கள் எல்லாம் வேண்டியிருக்கின்றன. மகள் முதலில் கேட்டது நாய்க்குட்டி. பூனை, முயல் என்று பேரம் பேசி இறக்கி, எட்டு முதல் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளராத மோர்னிங் கெக்கோவில் கொண்டுவந்து நிறுத்தினோம். பேரத்தில் ஜெயித்தது யார் என்பதில் எனக்கும் என் மனைவிக்கும் அப்போது சந்தேகமே இல்லை.

விசிட் விசாவில் வேலூரிலிருந்து வந்த அம்மா, பெட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தாள்.

"ஏண்டா, இது பல்லிதானே?"

"கெக்கோம்மா."

"பல்லிதானே?"

"பல்லிதான்."

"இதுக்குக் காசு குடுத்தியா?"

பல்லியின் விலையை மட்டும் சொன்னேன். பெட்டியின் விலையைச் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கும்போது சில விஷயங்களைத் தவிர்ப்பது நல்லது.

அம்மாவின் முதல் ஆட்சேபம் விளக்குக்கு. "பகல்ல எதுக்குடா லைட்டு? ஜன்னலோரமா வெயில்ல வையேன்." நியாயமான கேள்விதான். ஆனால் பல்லிக்கு வேண்டியது வெளிச்சம் மட்டும் இல்லை, வெயிலில் இருக்கும் யூவிபி கதிர். அது தோலில் பட்டால் வைட்டமின் டி3 உண்டாகும், டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் உடம்பில் சேரும். ஜன்னல் கண்ணாடி யூவிபியில் பெரும்பகுதியை வெளியிலேயே நிறுத்திவிட்டு, சூட்டை மட்டும் உள்ளே அனுப்பும். வெயிலில் வைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் பல்லி வெந்துபோகும். யூவிபி விளக்கிலும் ஒரு சூது உண்டு. வெளிச்சம் பழையபடி வந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் சொல்லாமல் குறைந்துவிடும். அதனால் நன்றாக எரிகிற விளக்கை வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் போட வேண்டும். என் அம்மா ஃப்யூஸ் போன பல்பைக்கூட ஆட்டிப் பார்த்து இரண்டு நாள் எரியவைப்பவள். எரிகிற விளக்கைக் குப்பையில் போட்டதை அவள் பார்த்த அன்று என்னோடு பேசவில்லை.

கால்சியம் சேராவிட்டால் பல்லிக்கு எலும்பு இளகிவிடும். தாடை ரப்பராகும், கால் வளையும், நடுக்கம் வரும், கண்ணாடியில் ஏற முடியாமல் சறுக்கும். வளர்ப்புப் பல்லிகளுக்கு அடிக்கடி வரும் வியாதிகளில் இது ஒன்று. வளைந்த எலும்பு பிறகு முழுதாக நிமிர்வதில்லை என்பதால் வருமுன் காப்பதே வைத்தியம். தீனியாகப் போடும் ஈக்களை ஒரு கப்பில் தட்டி, வெள்ளைக் கால்சியம் பொடியைப் போட்டுக் குலுக்கி எடுப்போம். உடம்பெல்லாம் விபூதி பூசிய சிவனடியார்கள்போல ஈக்கள் வரிசையாக வெளியே வரும். பல்லி அவர்களை மரியாதையில்லாமல் விழுங்கும்.

"என்ன பொடி அது?" என்றாள் அம்மா.

"கால்சியம் கார்பனேட். முட்டை ஓட்டுல இருக்கிறதேதான்."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப இத்தனை வருஷமா நான் ஜன்னல்ல சொருகி வெச்சது துரத்தறதுக்கு இல்லையா? விருந்தா?"

மறுநாள் பெரிய கலவரம். ஒரு பல்லியின் கழுத்தில் இரண்டு பக்கமும் வெள்ளையாக வீங்கியிருப்பதை அம்மா கண்டுபிடித்துவிட்டாள். பார்த்த மாத்திரத்தில் பொன்னுக்குவீங்கி என்று வியாதியின் பெயரையும் சொல்லி, கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் இறங்கிவிடும் என்று வைத்தியத்தையும் சொன்னாள். பல்லியின் கழுத்தளவுக்குச் சங்கிலி செய்வது பற்றி மகள் யோசிக்கவே ஆரம்பித்துவிட்டாள். அது வீக்கம் இல்லை, கால்சியம் சேமிப்புப் பை. முட்டைக்கு ஓடு கட்டுவதற்காகப் பெண் பல்லி கழுத்தில் சேர்த்து வைத்துக்கொள்ளும் கையிருப்பு. விளக்கிச் சொன்னதும் அம்மாவுக்குப் பல்லியின் மேல் முதன்முதலாக மதிப்பு வந்தது. "கழுத்துலயே சேத்து வெச்சிருக்கு பாரு. பொம்பளைப் புத்தி" என்றாள் பெருமையாக.

பெண் புத்திதான், ஏனென்றால் இந்த இனத்தில் அநேகமாக எல்லாமே பெண். ஆண் பல்லி அபூர்வத்திலும் அபூர்வம். பெண்ணே தனியாக முட்டையிடும், பெரும்பாலும் இரண்டிரண்டாக, கண்ணாடியிலோ மூங்கிலிலோ ஒட்டவைத்துவிடும். அதைப் பிய்த்தால் உடையும், அதனால் இருந்த இடத்திலேயே விட வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் அச்சு அசலாகத் தாயைப்போலவே ஒரு குஞ்சு வெளியே வரும். இந்து மகா சமுத்திரக் கரைகளிலும் பசிபிக் தீவுகளிலும் இந்தப் பல்லி பரவியதற்கு இதுவே காரணம். கப்பல் சாமான்களோடு ஒரே ஒருத்தி போய் இறங்கினால் போதும், ஊர் உண்டாகிவிடும். இலங்கையிலும் இருக்கிறது. "வரன் பாக்க வேணாம், ஜாதகம் வேணாம், மண்டபம் வேணாம்" என்று அம்மா விரல் விட்டு எண்ணினாள். சமையலறையிலிருந்து என் மனைவி "மாமியாரும் வேணாம்" என்று முணுமுணுத்தது எனக்கு மட்டும் கேட்டது.

தீனி இரண்டு விதம். ஒன்று, பழப் பொடியைத் தண்ணீரில் குழைத்து பாட்டில் மூடியில் உயரமான இடத்தில் வைப்பது. தரையில் வைத்தால் மரவாசிகளான இவர்கள் இறங்கிவந்து சாப்பிட யோசிப்பார்கள். இன்னொன்று பழ ஈ. வாழைப்பழம், ஈஸ்ட், வினிகர் கலந்த கூழில், பறக்க முடியாத ரகத்தை டப்பாவில் வளர்க்க வேண்டும். வாழைப்பழத்தை ஈ மொய்க்காமல் மூடிவைத்து வளர்ந்த எனக்கு, ஈக்காகப் பழம் வாங்கும் உத்தியோகம் இந்த வயதில் வாய்த்தது. அது போதாதென்று, பழக்கூடையைச் சுற்றிக்கொண்டிருந்த உள்ளூர் ஈ ஒன்று டப்பாவுக்குள் புகுந்து சம்பந்தம் செய்துகொண்டது. இரண்டு வாரத்தில் அடுத்த தலைமுறை வந்தது. பறக்காத குணம் பின்தங்கி, மூடியைத் திறந்ததும் மொத்தக் குடும்பமும் பறந்து ரசப் பாத்திரத்தை நோக்கிப் போனது.

ஸ்ப்ரே பாட்டிலை அம்மா எடுத்துக்கொண்டாள். தெளிக்க வாசல் இல்லாத ஊரில் அவளுக்கு அது ஓர் ஆறுதல். இந்தப் பல்லிகள் கிண்ணத்துத் தண்ணீரைவிட இலையில் நிற்கும் சொட்டை நக்கிக் குடிக்கத்தான் விரும்பும். ஈரப்பதம் 60 முதல் 80 சதவீதம் இருந்தால் தோல் ஒழுங்காக உரியும். உரிந்த தோலைத் தானே தின்றுவிடும். காய்ந்துபோனால் விரல் நுனியில் தோல் இறுகி விரலே போய்விடும். அதற்காக நாள் முழுவதும் சொதசொதவென்று வைத்தால் பூஞ்சை வரும், சளி பிடிக்கும். தெளித்ததும் காய்வதற்குக் காற்று வர வேண்டும். கோலம் போட இடமில்லை என்பது ஒன்றுதான் அம்மாவுக்குக் குறை.

அப்புறம் வெப்பம். குளிர்காலத்தில் எங்கள் ஹாலில் 18 டிகிரி, பல்லியின் ஹாலில் 26. அதை நாங்கள் ஸ்வெட்டருக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருப்போம். கோடையில் கதை தலைகீழ். 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் வரலாற்றிலேயே முதன்முறையாக 40 டிகிரியைத் தாண்டியது. லிங்கன்ஷயரில் 40.3. ரயில்கள் நின்றன, டிவியில் மக்களுக்கு எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. "நாற்பதுக்கா இந்தக் கூத்து?" என்று அம்மா வேலூர் கணக்கில் சிரித்தாள். ஆனால் வேலூர்ப் பல்லிக்கு ஓடி ஒளிய ஓட்டுக்கூரைச் சந்து இருக்கிறது, கண்ணாடிப் பெட்டியில் இருப்பவருக்கு முப்பதைத் தாண்டினாலே ஆபத்து. விளக்குகளை அணைத்து, ஐஸ் பாக்கெட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியின் கம்பிவலை மூடியில் வைத்து, வீட்டில் இருந்த ஒரே மேசை விசிறியையும் அந்த அறைக்குத் திருப்பினோம். அன்று இரவு மூன்று தலைமுறையும் பல்லிக்கு வந்த காற்றில் மிச்சத்தை வாங்கிக்கொண்டு படுத்தது.

ராத்திரியில் இவை ஓயாமல் சத்தம் கொடுக்கும். தீனிக்கும் இடத்துக்கும் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் சண்டை. அம்மாவுக்கு அது வேறு. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வந்தவள் என்பதால் விழும் பல்லியிடம் அவளுக்குப் பயமில்லை, சொல்லும் பல்லியிடம்தான் மரியாதை. "இந்த ஊர்ல மனுஷன் இருப்பானா" என்றால் பெட்டியிலிருந்து ட்சு ட்சு. உடனே மேசையைத் தட்டி, "பார்த்தியா, சொல்லிடுச்சு" என்பாள். சாயங்காலம் பூங்காவுக்குப் போய்வந்து "இந்த ஊர் மாதிரி வருமா" என்றாலும் ட்சு ட்சு. அதற்கும் ஒரு தட்டு. ஒரு வாரம் கழித்துத்தான் அவளுக்குப் பிரச்சினை புரிந்தது. பல்லி எந்தத் திசையிலிருந்து சொல்கிறது என்பதை வைத்துத்தான் பலன். பெட்டியோ வடமேற்கு மூலையில் ஆணியடித்த மாதிரி நிற்கிறது. "எப்பப் பாரு ஒரே பலனா வருதேடா. கொஞ்சம் ஈசானியத்துக்குத் தள்ளி வையேன்" என்றாள். ஈசானியத்தில் ரேடியேட்டர் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்தேன்.

குஞ்சுகள் பெருகியதும் தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்று தங்கள் பையனுக்காகக் கேட்டது. "ஒரு ஜோடி குடுங்க" என்றார் நண்பர். ஒன்றே போதும், ஜோடி தானாக வரும் என்றேன். அவர் வீட்டுப் பெரியவர்கள் பஞ்சாங்கம் பார்த்து, வெள்ளிக்கிழமை ராகு காலம் கழித்து வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பினார்கள். பொம்பளைப் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று அம்மா சீர் வைத்தாள். ஈ டப்பா இரண்டு, கால்சியம் பொடி, பழப் பொடி, புது ஸ்ப்ரே பாட்டில், தட்டில் வெற்றிலை பாக்கு. யூவிபி விளக்கு எங்கே என்று பார்த்தேன். நான் போன மாதம் குப்பையில் போட்டதைத் துடைத்துப் பளபளவென்று தட்டின் நடுவில் வைத்திருந்தாள்.