நாய் பார்க்கக் கிளம்பிய தகப்பன்

கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டில் விசேஷம் என்றால் சேதி இரண்டு வழியாக ஊருக்குள் வரும். மருமகள் மாங்காய் கேட்டாள், மாமியார் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள் என்று பெண்கள் மூலம் வருவது ஒன்று. இன்னொன்று டீக்கடை மூலம் வருவது. முப்பது வயதுப் பையன் ஒருவன் டீயை ஆறவிட்டுவிட்டு, "அண்ணாச்சி, நல்ல நாய்க்குட்டி எங்க கிடைக்கும்?" என்று கேட்டானானால், அவன் பெண்டாட்டிக்கு ஐந்தாவது மாதம் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இவனுக்கு வருங்காலத் தகப்பன் என்று பெயர் வைப்போம். சொந்தப் பெயர் வேண்டாம். தெருவுக்கு ஒருவன் இருக்கிறான், வம்பு.

பிள்ளைப்பேற்றுக்கும் நாய்க்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்டால், "ரெண்டும் சேர்ந்து வளரணும் அண்ணாச்சி, அப்பதான் பிள்ளைக்குப் பயம் இருக்காது" என்பான். அது அவன் சொல்லும் காரணம். சொல்லாத காரணம் ஒன்று உண்டு. வரப்போகும் குழந்தை விஷயத்தில் அவன் முடிவு செய்வதற்கு அந்த வீட்டில் எதுவுமே மிச்சமில்லை. எந்த டாக்டரம்மா என்பதை மாமியார் முடிவு செய்தாயிற்று. பேறுகாலம் எங்கே என்பது அவன் பிறப்பதற்கு முன்பே முடிவான சங்கதி, தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான். பெயரின் முதல் எழுத்தை நட்சத்திரம் பார்த்துக்கொள்ளும், மீதி எழுத்துகளைத் தாத்தா பார்த்துக்கொள்வார். தொட்டில் தாய்மாமன் வகை. வளைகாப்பில் இவனுக்கு இருக்கும் ஒரே வேலை பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிப் போட்டு, முடிந்ததும் எண்ணி ஏற்றுவது. யாரும் கைவைக்காமல் கிடந்த ஒரே இலாகா நாய். அதற்கு அவன் தன்னைத்தானே மந்திரியாக்கிக்கொள்கிறான்.

ஆராய்ச்சி செல்போனில் தொடங்கும். முதலில் கண்ணில் படுவது ஹஸ்கி. நீலக்கண், ஓநாய் முகம், சைபீரியப் பனியில் வண்டி இழுக்கப் பிறந்த பிராணி. பாளையங்கோட்டையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஜில்லாவில் அது எப்படிப் பிழைக்கும் என்று கேட்டால், "ஒரு ஏசி போட்டுருவோம்" என்கிறான். பெண்டாட்டி வீங்கின காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் கிடக்கிறாள். ஏசி என்ற பேச்சை அந்த வீட்டில் அவள் கேட்பது அதுதான் முதல் தடவை.

ஹஸ்கி போனதும் பக் வரும். 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னாலேயே அந்த நாய் ஓடியதை டிவியில் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. மூக்கு சப்பையாக இருப்பதால் அதற்கு மூச்சு விடுவதே பாடு, ராத்திரி குறட்டை வேறு விடும் என்று யாரோ சொல்ல, தாத்தா ஒருவரே போதும் என்று அதையும் கைவிடுவான். ராட்வைலர் மேலும் ஒரு ஆசை உண்டு. 2024 மார்ச்சில் மத்திய அரசு ராட்வைலர், பிட்புல் உட்பட 23 வகை நாய்களைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் அந்தக் கடிதம் நிற்கவில்லை. அவன் ஆச்சியிடம் நின்றுவிட்டது.

அடுத்து வருவது சுதேசிக் கட்டம். 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் புகழ்ந்தது முதல், ராஜபாளையத்துக்கு 2005-லேயே தபால்தலை போட்டது வரை எல்லாம் அவனுக்கு மனப்பாடம். தியடோர் பாஸ்கரன் 2017-ல் இந்திய நாய்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார் என்பதும் தெரியும், படித்ததில்லை. இந்தக் கட்டத்தில் அவனோடு வாதாட முடியாது. ஊர்ச் சரித்திரத்தையே சாட்சிக்கு இழுப்பான்.

"நம்ம குலசேகரமுடையார் கோயில் நடராசரை 1982-ல தூக்கிட்டுப் போனானுவளா? அடிலெய்டு மியூசியம் வரைக்கும் போயிட்டு 2019-லதான திரும்பி வந்தாரு? அன்னிக்கு வாசல்ல ஒரு ராஜபாளையம் நின்னிருந்தா நடந்திருக்குமா வே?"

நடராசருக்கே காவல் இல்லாத ஊரில் தன் பிள்ளைக்கு ஏது காவல் என்பது வாதம். பிள்ளையை அடிலெய்டுக்குக் கடத்த இதுவரை யாரும் திட்டம் போட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, தென்காசி, புளியங்குடி, சிவகிரி வழியாக ராஜபாளையத்துக்குப் பயணம். கூட ஒரு சிநேகிதன் போவான். அவனுக்கும் நாயைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் கார் இருக்கும். அங்கே பால்வெள்ளையில், ரோஜா நிற மூக்கோடு நாலு குட்டிகள் உருண்டுகொண்டிருக்கும். கைதட்டினால் மூன்று திரும்பும். ஒன்று திரும்பாது. இந்த வெள்ளை வம்சத்தில் பிறவிச் செவிடு கொஞ்சம் அதிகம். வாங்கப் போகிறவன் முதலில் செய்ய வேண்டிய சோதனையே இந்தக் கைதட்டல்தான். விற்கிறவர் அசரமாட்டார். "தம்பி, கைக்குழந்தை இருக்கப்போற வீடுன்னு சொல்லுதீய. ராத்திரி முழுக்கப் பிள்ளை கத்துனாலும் இது தூக்கம் கெடாது. இதைவிடத் தோதான குட்டி எங்க கிடைக்கும்?"

நம்மவன் ஒரு நிமிஷம் யோசித்தே விடுவான்.

கன்னி நாயைப் பற்றித் தென்பக்கம் ஒரு பேச்சு உண்டு. கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீராக அந்த நாயைக் கொடுப்பார்களாம், அதனால்தான் அந்தப் பெயராம். இதைக் கேள்விப்பட்ட நாள் முதல் அவனுக்கு மாமனார் மேல் ஒரு வருத்தம். கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் வந்து இறங்கின லாரியில் நாய்க்கு மட்டும் இடமில்லாமலா போயிற்று?

வீட்டில் எதிர்க்கட்சித் தலைவர் ஆச்சி. வாசலில் கோரைப்பாயில் அப்பளம் காய்கிற வீடு அது. இந்த ஊர் அப்பளத்தின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று வெளியூர்க்காரரே ஒப்புக்கொண்டாயிற்று. அதில் நாய் முடியும் ஒரு காரணம் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்பது ஆச்சி கவலை. முடி பிள்ளை வயிற்றுக்குள் போகும் என்பது அடுத்தது. மாசமாக இருக்கிறவள் பக்கம் நாய் வந்தால் கருவுக்கு ஆகாது, டாக்டரே சொல்கிறார் என்பது மூன்றாவது. டாக்டர் சொன்னது பூனையை. டாக்சோபிளாஸ்மா என்றொரு கிருமி பூனையின் கழிவு வழியாகத் தொற்றி வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யும். அதனால் கர்ப்பிணிகள் பூனை மண்ணைக் கையால் அள்ளக் கூடாது என்பார்கள். நாய்க்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஆச்சி மடியில் சுருண்டு கிடப்பது பூனை. குற்றச்சாட்டு நாயின் பெயருக்கு மாறியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இவன் சுவீடனை இறக்குவான். உப்சாலா பல்கலைக்கழகத்துக்காரர்கள் லட்சக்கணக்கான குழந்தைகளின் பதிவேடுகளை அலசி 2015-ல் வெளியிட்ட ஆய்வு அது. பிறந்த முதல் வருஷத்தில் வீட்டில் நாய் இருந்த பிள்ளைகளுக்குப் பின்னால் ஆஸ்துமா வருவது சற்றுக் குறைவாம். நிஜமான ஆய்வுதான், நல்ல ஆய்வுதான். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆச்சி ஒரே கேள்வி கேட்பாள்:

"ஏல, சுவீடன்ல அப்பளம் காயப்போடுதாவளா?"

மத்தியஸ்தத்துக்கு மாட்டாஸ்பத்திரிக்குப் போவான். சினை ஊசிக்கு வந்த பசுவுக்கும் வயிறு உப்பின ஆட்டுக்கும் நடுவில், கையில் கயிறு எதுவும் இல்லாமல் நிற்கும் ஒரே ஆள் அவன்தான். "உங்களுக்கு என்ன, மாடா ஆடா?" என்று டாக்டர் கேட்க, "பிள்ளை சார்" என்று வாய்தவறி வந்துவிடும். அந்த டாக்டர் சொல்வதுதான் இந்தக் கதையிலேயே உருப்படியான பேச்சு.

"குட்டி தாயை விட்டுப் பிரிய எட்டு வாரமாவது ஆகணும். இப்ப வாங்கினா உங்க பிள்ளை பிறக்கும்போது அதுக்கு அஞ்சு மாசம். பால்பல் விழுந்து பல் முளைக்கிற நேரம். செருப்பு, கட்டில் கால், எதையும் விடாது. ராத்திரி அதுவும் எழுப்பும், பிள்ளையும் எழுப்பும். அந்த ஆறு மாசம் யாரு முழிச்சிருக்கப் போறது, நீங்களா?"

அவன் பதில் சொல்லவில்லை.

"நாய் வேணும்னா ரெண்டு மூணு வயசான, பிள்ளைங்க கூடப் பழகின சாதுவான நாயா பாருங்க. இல்லன்னா பிள்ளை எழுந்து நடக்கட்டும், பிறகு குட்டி வாங்குங்க. சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் வேட்டை நாய். ஓடுறதையும் ஆடுறதையும் கண்டா அதுங்களுக்குக் கால் நிக்காது. உங்க வீட்ல தொட்டில் ஆடும். எந்த நாயா இருந்தாலும் சரி, எவ்வளவு தங்கமான நாயா இருந்தாலும் சரி, பச்சைப்பிள்ளை கூடத் தனியா ஒரு நிமிஷம் விடக்கூடாது. பூச்சி மருந்து ஒழுங்கா குடுக்கணும். மூணு மாசத்துல வெறிநாய்த் தடுப்பூசி, பிறகு வருஷா வருஷம்."

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவன் காதில் நிற்பது ஒரே ஒரு சொல்: சிப்பிப்பாறை. இரண்டு வயது நாய் அவனுக்குப் பிடிக்காது. யாரோ வளர்த்த நாயை நாம் எதற்கு வளர்ப்பது? வருங்காலத் தகப்பனுக்கு முதலிலிருந்தே எல்லாம் தன் கையால் நடக்க வேண்டும்; சாப்பிட்ட தட்டைக்கூட அவன் அதுவரை தன் கையால் கழுவியதில்லை என்பது வேறு.

இதற்கிடையில் பெண்டாட்டியிடம் யாராவது கேட்டார்களா என்றால், இல்லை. ஏழாவது மாதம் வளைகாப்பு முடிந்து செங்கோட்டை ரயிலில் தாய்வீட்டுக்கு ஏறும்போது அவளாகச் சொன்னதுதான்: "நான் திரும்பி வரும்போது வீட்ல நீங்க இருந்தா போதும். மத்தது உங்க இஷ்டம்." சம்மதம் கிடைத்துவிட்டது என்று அவன் எடுத்துக்கொண்டான். அந்த வாரமே குட்டி வந்தது.

பெயர், டைகர். மேற்கே மலையில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் கிடக்கிறது. மணிமுத்தாறு, பாபநாசம் அடிவாரத்தில் சிறுத்தை இறங்கி நாயைக் கவ்விக்கொண்டு போகிற சேதி அடிக்கடி பேப்பரில் வருகிறது. அந்த மலையைப் பார்த்த வாசலில் இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாய்க்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

பிறகு நடப்பதை நீங்களே சொல்லிவிடலாம். மந்திரி காலையில் திருநெல்வேலிக்கு வேலைக்குப் போய் ராத்திரிதான் வருகிறார். இலாகா ஆச்சியிடம் வந்து சேர்கிறது. முதல் வாரமே டைகர் பாயோடு பாயாக அப்பளத்தின் மேல் நடந்து, ஊரில் எந்தக் கம்பெனிக்கும் இல்லாத ஒரு டிரேட்மார்க்கைப் பதித்தது. ஆச்சி துடைப்பத்தை எடுத்தாள். மூன்றாவது வாரம் அதே ஆச்சி தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டு, "ஏ ராசா, ஒரு வாய்" என்று பின்னால் அலைகிறாள். பூனை அடுத்த வீட்டுக்குக் குடிபோயிற்று.

செங்கோட்டையில் பிள்ளை பிறந்தது, ஆண். வீட்டுக்கு வருவதற்கு முன்பே பிள்ளையின் வாசனை நாய்க்குப் பழகட்டும், உடுத்தின துணி ஒன்றை மோந்து பார்க்கக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவனும் மாமியாருக்குத் தெரியாமல் ஒரு ஜட்டித் துணியைச் சுருட்டிப் பையில் வைத்து ரயிலேறினான். வீட்டுக்கு வந்து எடுத்ததும் ஆச்சி பிடுங்கிக்கொண்டாள். பிள்ளை துணியை நாய் மோந்தால் தோஷம் என்பதால் அல்ல. கொள்ளுப்பேரன் துணியைத் தான் மோந்து பார்க்குமுன் நாய் பார்ப்பதாவது!

மூன்று மாதம் கழித்துத் தாயும் பிள்ளையும் வந்தார்கள். ஆரத்தி எடுக்கும்போது டைகர் பிள்ளையைப் பார்க்கும் முதல் பார்வையை வீடியோ எடுக்க இரண்டு செல்போன்கள் தயாராக இருந்தன. டைகர் திண்ணையில் தூங்கியது. எழுப்பினால் கொட்டாவி விட்டது. தொட்டில் ஆடத் தொடங்கிய பிறகுதான் அதற்கு உலகத்தில் அக்கறை வந்தது. ஆச்சி சேலைத் தலைப்பால் அதன் கழுத்தைத் தூணோடு சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டு, இந்தப் பக்கம் தாலாட்டும் அந்தப் பக்கம் அதட்டலுமாகக் காலத்தை ஓட்டுகிறாள். டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடக் கேட்காதவள், தனியாக விடக்கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்லாமலே செய்கிறாள்.

இந்த வீட்டில் இப்போது இரண்டு தடுப்பூசி அட்டைகள். இரண்டையும் ஆச்சி ஒரே மஞ்சள் பையில் போட்டு ஆணியில் மாட்டியிருந்தாள். பதினான்காவது வார ஊசிக்கு ஒரு புதன்கிழமை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெண்டாட்டி முன்னால், பையைத் தூக்கிக்கொண்டு இவன் பின்னால். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டம். அவன் கம்பீரமாகப் பைக்குள் கைவிட்டு அட்டையை எடுத்து நீட்டினான். நர்சம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"பேரு டைகர். சரி, வீட்ல கூப்பிடுத பேரா இருக்கும். வெறிநாய் ஊசி ஏற்கெனவே போட்டாச்சா? இனம் சிப்பிப்பாறைன்னு போட்டிருக்கே. இது யாரு பக்கம்மா, உங்க பக்கமா, அவுக பக்கமா?"

"அவுக பக்கம்தான் சிஸ்டர்" என்றாள் பெண்டாட்டி.