ஒரே பெட்டிக்குள் கச்சேரி

கேள்வி: ஆம்ப்ளிஃபயர், சிடி பிளேயர், ரெக்கார்ட் பிளேயர், இரண்டு பெரிய ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, ஒரே பெட்டி மியூசிக் சிஸ்டத்துக்கு மாறினால் எது போகும்?

பதில்: முதலில் வயர்க் குவியல் போகும். அடுத்தது ஸ்டீரியோ. 1931-ல் இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் காப்புரிமை கோரிய அந்த நுட்பத்துக்கு இடைவெளிதான் உயிர். ஸ்பீக்கர் இரண்டும் ஆறேழு அடி தள்ளி நின்று, கேட்பவரோடு முக்கோணமாக அமைந்தால் மிருதங்கம் இடப்பக்கமும் வயலின் வலப்பக்கமும் தனித்தனியே உட்கார்ந்திருக்கும். ஒன்றரை அடிப் பெட்டிக்குள் இரண்டும் தோள் உரசினால், பக்கவாத்தியம் எல்லாம் பாடகர் மடியில்தான்.

பேஸும் மெலியும். சின்னக் கூட்டுக்குள் இருக்கும் சின்ன கோன் தள்ளும் காற்று கொஞ்சம்தான். உள்ளிருக்கும் சிப் ஓரளவு ஈடுகட்டும். வால்யூமைக் கூட்டக் கூட்ட அதுவும் கைவிரிக்கும்.

இசைத்தட்டு சேர்த்தவர்கள் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தே வாங்குவது நல்லது. ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. ‘ஃபோனோ’ என்று எழுதிய துளை இல்லாவிட்டால், பெரும்பாலும் தனியாக ஒரு ப்ரீஆம்ப் வந்து சேரும்.

ஸ்பீக்கர்களை விற்கவும் அவசரம் வேண்டாம். ஆம்ப்ளிஃபயரும் பிளேயரும் மட்டும் ஒன்றாகி, பின்னால் ஸ்பீக்கர் வயர் செருக இடம் விட்ட பெட்டிகளும் கிடைக்கின்றன. அலமாரியில் இடமும் மிச்சம், ஸ்டீரியோவும் மிச்சம்.