தனக்கு மிஞ்சினதுதான் பங்கு

ஏந்தம்பி, குவெம்புநகர் ஊட்டைப் பையன் பேருக்குத் தானப் பத்திரம் எழுதப் போறயாமா? நல்ல காரியம். மைசூருல ரிட்டயர் ஆன அத்தனை பேருக்கும் குக்கரஹள்ளிக் கெரேங்கற ஏரியைச் சுத்தி நடந்து நடந்து கடைசியில இந்த ஞானம் வந்துருது. "இனி எனக்கெதுக்கு, எல்லாம் பசங்களுக்குத்தானே"ன்னு ஒருத்தன் ஆரம்பிச்சாப் போதும், பெஞ்சுல உக்காந்திருக்கற பாக்கிப் பேரும் தலையாட்டறாங்க. அறுபத்திரண்டெல்லாம் துறவறத்துக்கு ஒரு வயசா? என்ற வயசுக்கு வர நீ இன்னம் இருபது வருஷம் ஓட்டோணும். அதுல எத்தனை வருஷம் நீயா நடப்பே, எத்தனை வருஷம் ஆள் புடிச்சு நடப்பேன்னு கெரே சொல்லாது.

உன்ற ஊடு, உன்ற இஷ்டம். சத்தியமங்கலத்துல இருந்து திம்பத்தோட 27 கொண்டை ஊசி வளைவையும் ஏறி வந்து, கம்பெனியில கணக்கெழுதி, சைட்டு வாங்கி, ஊடு கட்டினவன் நீ. இத்தனை வளைவையும் நீயே ஓட்டிப்போட்டு, கடைசி இறக்கத்துல ஸ்டீரிங்கைக் கழட்டிப் பின்சீட்டுக்குக் குடுக்கறயே, பின்சீட்டுக்காரன் செல்போனைப் பார்த்துக்கிட்டிருக்கறானேன்னுதான் கேக்கறேன்.

2025 மார்ச்சுல கர்நாடகாவோட மருத்துவக் கல்வி மந்திரி சரண்பிரகாஷ் பாட்டீல் ஒரு சங்கதி சொன்னாரு, கேட்டயா? பெலகாவி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மட்டும் 150 பேருக்கு மேல வயசானவங்களைப் பிள்ளைங்க சேத்திப்போட்டு அப்பிடியே போயிட்டாங்களாம். மத்த கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல இன்னொரு 100 பேருக்கு மேல. அப்பிடி விட்டுட்டுப் போறவங்க பேர்ல இருக்கற உயிலையும் சொத்து மாத்தினதையும் ரத்து செய்ய வழி பாருங்கன்னு உத்தரவு போட்டாரு. நல்ல உத்தரவுதான். ஆனா எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. உயிலை மந்திரி வந்து ரத்துப் பண்ணோணுமா? எழுதினவனுக்குப் புத்தி தெளிவா இருக்கற வரைக்கும் நெனச்ச நேரத்துல மாத்தி எழுதலாம். அவன் மூச்சு நிக்கற வரைக்கும் அந்த உயிலால எவனுக்கும் ஒரு செங்கல் சொந்தமாகாது. மாட்டிக்கறவன் ஆருன்னா, பதிவு ஆபீசுல கைரேகை வெச்சுத் தானமாக் குடுத்தவன். சொத்துப் பதிவேட்டுல, இங்க காத்தாம்பாங்க, பேர் மாறிருச்சு, வரி ரசீது பையன் பேர்ல வருது, அப்பன் அந்த ஊட்டுல குடித்தனக்காரன். அட்வான்சும் குடுக்காத குடித்தனக்காரன்.

அதுக்கும் ஒரு சட்டம் இருக்குது. 2007-ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். என்ற பேத்தி படிச்சுச் சொன்னா. 'என்னைப் பார்த்துக்கோணும்'ங்கற நிபந்தனையோட சொத்தைக் குடுத்து, வாங்கினவன் பார்க்கலீன்னா, 23-ஆம் பிரிவுல அந்தப் பத்திரத்தையே செல்லாதுன்னு ஆக்கலாம். சிவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம், அசிஸ்டெண்ட் கமிஷனர், அதாவது ஏ.சி., ஆபீசுல மனுக் குடுத்தாப் போதும். நம்ம ஜில்லாவுக்கு மைசூரு, உண்சூருன்னு ரெண்டு ஏ.சி. இருக்கறாங்க.

சூட்சுமம் அந்த நிபந்தனையில இருக்குது. பத்திரத்துல நிபந்தனை இருந்தே ஆகோணும்னு 2022 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிப்போட்டது. 2025 ஜனவரியில மத்தியப் பிரதேசத்து அம்மா ஒருத்தர் கேசுல, இது வயசானவங்களுக்காக வந்த சட்டம், தாராளமாப் படிக்கோணும்னு சொல்லி, மகனுக்குக் குடுத்த சொத்தைத் திரும்ப வாங்கிக் குடுத்தது. அந்தம்மா ஒண்ணும் லேசுப்பட்டதில்ல. பத்திரம் எழுதின கையோட, கடைசி வரைக்கும் பார்த்துக்குவேன்னு தனிக் காகிதத்துல எழுதி வாங்கி வெச்சிருந்தது. மகன் அது பொய்க் காகிதம்னு சாதிச்சுப் பார்த்தான், நடக்கல. அதே வருஷம் மார்ச்சுல மெட்ராஸ் ஐகோர்ட், நாகப்பட்டணத்து அம்மா ஒருத்தர் கேசுல இன்னொரு படி மேல போச்சு. அன்புக்கும் பாசத்துக்கும் குடுக்கறேன்னு எழுதியிருந்தாலே அதுக்குள்ள நிபந்தனை அடங்கியிருக்குதுன்னு சொல்லிருச்சு.

உடனே நீ, "அப்ப அன்புன்னு எழுதினாப் போதுமே"ங்கற. மைசூருல இருந்துக்கிட்டு மெட்ராஸ் தீர்ப்பை நம்பி அன்பு காட்டாதே. மூணு வரி எச்சா எழுதுனா மையி தீந்துருமா? சோறு, மருந்து, ஆள் செலவு, இருக்க எடம், இத்தனையும் பையன் பொறுப்பு. தவறினா ஊடு திரும்பி வரும். அம்புட்டுத்தான். கன்னடத்துல எழுதுனா ஆரையாச்சும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளு. அந்த மூணு வரிக்குப் பையன் மூஞ்சி சுளிச்சான்னா, பதியாமலே உனக்குத் தீர்ப்புக் கெடைச்சாச்சு. பதிவுச் செலவும் மிச்சம்.

"நம்ம பையன் அப்பிடியெல்லாம் இல்லீங்க." தெரியும் தம்பி, எல்லாருக்கும் நம்ம பையன் அப்பிடி இல்ல. பையன் நல்லவனாவே இருக்கட்டும், கணக்குப் போட்டுப் பார்த்தயா? படுத்தா ஒரு ஆள் வேணும். பகலுக்கு ஒருத்தி, ராத்திரிக்கு ஒருத்தி. மாசம் இருபத்தஞ்சாயிரம்னு வெச்சுக்க. வருஷத்துக்கு மூணு லட்சம். ஷுகரும் பிரஷரும் மாத்திரையில அடங்கி, நீ எட்டு வருஷம் அசையாமக் கெடந்தீன்னா இருபத்திநாலு லட்சம். டயப்பரும் மூத்திரப்பையும் காத்துப் படுக்கையும் தனி. உன்ற பி.எஃப். பென்ஷன் எவ்வளவு? அதுல அரசாங்கம் வெச்ச குறைஞ்ச அளவு 2014-ல இருந்து மாசம் ஆயிரம். ஆயிரத்துக்கு ஆள் வெச்சா, அவ வந்து காலிங் பெல்லை அடிச்சுப்போட்டுப் போயிருவா.

எழுபது வயசு தாண்டினவங்களுக்கு ஆயுஷ்மான் கார்டு வந்திருக்குதே, அஞ்சு லட்சம் தர்றாங்களேம்ப. 2024 அக்டோபர்ல வந்தது, நல்லதுதான். ஆனா அது ஆஸ்பத்திரியில சேர்ந்தாத்தான். கட்டில்ல படுத்துக்கிட்டு விட்டத்தைப் பார்த்துக் கெடக்கறதெல்லாம் அந்தக் கணக்குல சீக்கே இல்ல. வயசான காலத்துல பாதிச் செலவு விட்டத்தைப் பார்க்கறதுலதான் போகுது.

சரி, பிள்ளை மேல மனுப் போட்டு மாசாமாசம் வாங்கலாம்னு பார்த்தா, சட்டத்துல உச்சவரம்பு பத்தாயிரம். 2007-ல வெச்ச பத்தாயிரம். அன்னிக்குப் பவுன் என்ன வெலை, இன்னிக்கு என்ன வெலைன்னு உன்ற சம்சாரத்தைக் கேளு. கர்நாடகா ஐகோர்ட்டே 2025-ல இந்த வரம்பை மறுபடி யோசியுங்கன்னு மத்திய அரசுக்குச் சொல்லிருச்சு. வரம்பை எடுக்கறதுக்கு 2019-ல பார்லிமெண்டுல ஒரு மசோதா வந்தது. மருமகளையும் மருமகனையும்கூட அதுல சேத்தியிருந்தாங்க. நிறைவேறாமலே செத்துப்போச்சு. ஆகமொத்தம், இன்னிக்கும் அந்தச் சட்டத்துல மருமகங்கற பேரே கெடையாது. மூத்திரப்பை மாத்தறது மட்டும் அவதான்.

இந்த ஊருக்கே பிள்ளைச் சாபம் ஒண்ணு உண்டல்லோ. 1610-ல ராஜ உடையார் ஸ்ரீரங்கபட்டணத்தைப் புடிச்சப்ப, நகையைக் கேட்டு ஆளனுப்பினாங்கன்னு, அதுவரைக்கும் அங்க ஆண்டவரோட சம்சாரம் அலமேலம்மா காவேரியில குதிச்சதாச் சொல்லுவாங்க. தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூரு ராஜாவுக்குப் பிள்ளையில்லாமப் போகட்டும்னு சாபம் உட்டுதாம். 2013-ல ஸ்ரீகண்டதத்த உடையார் வாரிசு இல்லாமத்தான் போனாரு. 2015-ல ராணியம்மா யதுவீரைத் தத்தெடுத்துக்கிட்டாங்க. அரண்மனையில பிள்ளை இல்லீன்னு பிள்ளையைத் தத்தெடுத்தாங்க. பெலகாவியில பிள்ளைங்களே அப்பனை ஆஸ்பத்திரிக்குத் தத்துக் குடுத்துட்டாங்க. அலமேலம்மா இன்னிக்கு வந்து பார்த்தா, "சாபம்னு நெனச்சு வரத்தையல்லோ குடுத்துட்டேன்"னு தலையில அடிச்சுக்கும்.

வேடிக்கை என்னன்னா, சட்டம் பிள்ளையில்லாதவனுக்குத்தான் கணக்கைச் சுத்தமா எழுதி வெச்சிருக்குது. பிள்ளையில்லாத கெழவனோட சொத்தை ஆரு அனுபவிக்கறானோ, பின்னால ஆருக்கு வரப்போகுதோ, அவன்தான் சோறு போடோணும். அப்பிடி நாலு சொந்தக்காரன் இருந்தா, எவனெவனுக்கு எவ்வளவு பங்கு வருமோ அந்த வீதத்துல செலவையும் பிரிச்சுக்கோணும். எத்தனை நேர்மையான கணக்கு பாரு! எட்டணா பங்குக்காரனுக்கு எட்டணா செலவு. பெத்த பிள்ளைங்ககிட்ட மட்டும் அந்தக் கணக்கைச் சொல்ல நமக்கு வெக்கம். பங்குன்னா கூப்பிடாமலே வருவாங்க, செலவுன்னா "அப்பா, இந்த மாசம் இ.எம்.ஐ. இருக்குது"ம்பாங்க.

உன்ற ஊட்டுக் கதையையே எடு. பையன் பெங்களூருல, பொண்ணு இங்க சரஸ்வதிபுரத்துல. போன வருஷம் உன்ற சம்சாரம் இடுப்பொடிஞ்சு கெடந்தப்ப ஆரு வந்தா? பொண்ணு. பத்திரம் ஆருக்கு? பையனுக்கு. பையனுக்கு ஊடு, பொண்ணுக்குப் பெட்பேன். பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் பங்குன்னு தமிழ்நாடு 1989-லயும் கர்நாடகா 1994-லயும் சட்டம் போட்டாச்சு. டெல்லிக்காரனே 2005-லதான் முழிச்சான். கலியாணமான பொண்ணும் அப்பனைக் காப்பாத்தக் கடமைப்பட்டவதான்னு 1987-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. கடமை வந்து சேர்ந்துருச்சு, பங்குதான் இன்னம் பஸ் ஏறல. அவளுக்கு உயில்ல எழுதறேன்னு நாள் கடத்தாதே. வேலைக்கு வர்ற அம்மாளுக்குக் குடுக்கற பணத்தை, வேலையை உட்டுட்டு வந்து பார்க்கற பொண்ணுக்கும் மருமகளுக்கும் மாசாமாசம் குடு. ஒரு நோட்டுல எழுதி வை. "பாசத்துக்குக் காசா"ன்னு கேப்பாங்க. அப்பிடிக் கேக்கறவன் எவனும் ஒரு நாளும் பெட்பேனைத் தொட்டிருக்க மாட்டான்.

அப்பக் காசுக்கு எங்க போறது? நீ குடியிருக்கற ஊட்டுக்குள்ளதான் இருக்குது. 2007 பட்ஜெட்டுல ப.சிதம்பரம் ஒரு வழி சொன்னாரு, தலைகீழ் அடமானம்னு. அறுபது வயசு ஆனவன், சொந்தமாச் சம்பாதிச்சுக் கட்டிக் குடியிருக்கற ஊட்டைப் பேங்க்குல வெக்கலாம். பேங்க்காரன் மாசாமாசம் உனக்குப் பணம் தருவான். நீயும் உன்ற சம்சாரமும் இருக்கற வரைக்கும் அங்கேயே இருக்கலாம், கடனைக் கட்டச் சொல்ல மாட்டான். ரெண்டு பேரும் போன பொறகு, பிள்ளைங்க கடனைக் கட்டி ஊட்டை எடுத்துக்கலாம்; இல்லீன்னா வித்து, கடன் போக மிச்சத்தை வாங்கிக்கலாம். இத்தனை வருஷமாச்சு, கெரே பெஞ்சுல ஒருத்தனாச்சும் இதைப் பத்திப் பேசியிருக்கறானா? ஊட்டை அடமானம் வெச்சுத் தின்னான்னு பேர் வந்துருமாம். பிள்ளைக்கு எழுதிக் குடுத்துப்போட்டு, ரெண்டாவது காபிக்கு மருமக மூஞ்சியைப் பார்க்கறது மட்டும் கௌரவம்.

"அப்பா, எங்களை நம்பலையா?"ன்னு பையன் கேப்பான். "நம்பறேன் கண்ணு, ஆனா பேங்க் தேதி தவறாமப் போடுது"ன்னு சொல்லு.

தனக்கு மிஞ்சித்தான் தானமுன்னு நம்ம பாட்டி சொன்னதை நாம கோயில் உண்டியலுக்கு மட்டும் வெச்சுக்கிட்டோம். பிள்ளை விசயத்துல தலைகீழ்: பிள்ளைக்கு மிஞ்சித்தான் நமக்கு. அதனால தம்பி, ஊடு உன்ற பேர்லயே இருக்கட்டும். உயில் எழுதி வை, பத்திரம் எழுதாதே. எழுதியே தீருவேன்னா மூணு வரியோட எழுது. நல்ல ஆளா வெச்சுக்க, நல்ல படுக்கையாப் போட்டுக்க, நஞ்சன்கூடு ரசபாளைப் பழம் வாங்கித் தின்னு. உன்ற காசுல நீ திங்கறதுக்கு எவன்கிட்டயும் அனுமதி வாங்க வேண்டியதில்ல. மிஞ்சினது பிள்ளைங்களுக்கு.

ஒண்ணும் மிஞ்சலீன்னா என்ன பண்றதுன்னு கேக்கறயா? அங்கதான் நீ பெரிய மனுசன் ஆகற. பங்கு இருக்கற ஊட்டுல கருமாதி முடியறதுக்குள்ள அண்ணன் தங்கச்சி வக்கீலைப் பார்க்கப் போயிர்றாங்க. பங்கே இல்லாத ஊட்டுல என்ன சண்டை? நீ உன்ற காசையெல்லாம் உனக்கே செலவு பண்ணிப்போட்டுப் போய்ப்பாரு, பொறகு ஊரே பேசும்: "மனுசன் பிள்ளைங்களுக்கு ஒரு பைசா வெக்கல, ஆனா எத்தனை ஒத்துமையா வெச்சுட்டுப் போயிருக்கறான் பாரு!"