பன்னிரண்டு கிலோ எலும்பும் எழுபது கிலோ நானும்

உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவர்கள் எல்லோரிடமும் ஒரு சமாதானம் தயாராக இருக்கும்: "எங்க வம்சத்துக்கே எலும்பு கனம்." நானும் இதைச் சொல்லித்தான் பெண் பார்த்த நாள் முதல் ஆபீஸ் மெடிக்கல் செக்கப் வரை ஓட்டி வந்தேன். ஆறாம் வகுப்பு படிக்கும் மகளின் கையில் எலும்பு மண்டலப் பாடம் வந்து சேர்ந்ததோடு அந்த வம்சப் பெருமை போயிற்று. உயிரோடு இருக்கும் மனிதனின் எலும்புக்கூடு மொத்த எடையில் ஏறத்தாழ 15 சதவீதம்தானாம். என் எடை 82. கணக்குப் போட்டால் எலும்பு பன்னிரண்டு கிலோ சொச்சம்.

"மீதி எழுபது என்னப்பா?" என்றாள்.

"போண்டா" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

வளர்ந்த மனிதனுக்கு எலும்புகள் 206. பிறக்கும்போது 300-ஐ ஒட்டி இருந்தவை. குடை, சாவி, கேஸ் புக் என்று எதைத் தொலைத்தாலும் எனக்கு அர்ச்சனை நடக்கும் இந்த வீட்டில், தொண்ணூறு எலும்பு எங்கே போயிற்று என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அவை தொலையவில்லை, வளர வளர ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன. முதுகின் அடியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றாகிவிடும். அதற்கும் கீழே, வால் இருந்திருக்க வேண்டிய இடத்தில், இன்னொரு நாலைந்து ஒட்டிக்கொள்ளும். காறை எலும்புதான் கடைசி ஆள். இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் அதன் வளர்ச்சி முடிகிறது. எனக்குக் கல்யாணம் 26-இல். எலும்பளவிலாவது மாப்பிள்ளை முதிர்ச்சி அடைந்தவர்தான் என்று மாமனாருக்கு யாராவது எடுத்துச் சொல்லலாம்.

இந்த 206-இல் பாதிக்கு மேல், அதாவது 106 எலும்புகள், இரண்டு கைகளிலும் இரண்டு பாதங்களிலும்தான். கைக்கு 27, பாதத்துக்கு 26. அவ்வளவு நுட்பமான சாமானை வைத்துக்கொண்டு நான் செய்வதெல்லாம் கட்டைவிரலால் போனைத் தள்ளிக்கொண்டிருப்பது. ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தெலும்பு ஏழு, எனக்கும் ஏழு. அதன் ஏழு மர உச்சியைத் தேடிப் போகிறது, என் ஏழு மடியைப் பார்த்துக் கவிழ்ந்து கிடக்கிறது.

காதுக்குள் மூன்று எலும்புகள் வரிசையாக நின்று ஒலியின் அதிர்வை உள்ளே கடத்துகின்றன. கடைசியில் இருக்கும் அங்கவடிதான் உடம்பிலேயே சின்ன எலும்பு, மூன்று மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். என் காதைச் சோதித்த டாக்டர் மூன்றுமே ஒழுங்காக வேலை செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டை மனைவி பீரோவில் நகைப் பெட்டியோடு வைத்திருக்கிறாள். "கூப்பிட்டது காதுல விழல" என்று சொல்லும் உரிமை அன்றோடு பறிபோனது.

பாடத்திலேயே மகளுக்குப் பிடித்த எலும்பு தொண்டையில் இருக்கும் ஹையாய்டு. உடம்பில் வேறெந்த எலும்போடும் மூட்டுப் போட்டுக்கொள்ளாமல் தசைகளின் தயவில் தொங்கும் இது, விழுங்குவதற்கும் பேசுவதற்கும் உதவுகிறது. அவள் இதைச் சத்தமாகப் படித்ததும் தாயும் மகளும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் தண்ணீர் கேன் சம்பவம். 20 லிட்டர் கேன் என்றால் 20 கிலோ. அதை உடம்போடு அணைத்து, முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். சுமை முதுகெலும்பை விட்டுத் தள்ளிப் போகப் போக, முதுகுத் தசைகள் அதைப்போலப் பல மடங்கு வலுவோடு இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்த அழுத்தமெல்லாம் இடுப்புப் பக்கத்து ஐந்து முள்ளெலும்புகள் மேலும் நடுவிலிருக்கும் டிஸ்க்குகள் மேலும் இறங்கும். இந்தச் சாஸ்திரமெல்லாம் பிறகு படித்தது. அன்றைக்கு நான் வில்லாகக் குனிந்து, கையை நீட்டி, ஒரே மூச்சில் தூக்கினேன். கேன் பாதி உயரத்தில் நின்றது. நானும் அங்கேயே நின்றேன்.

அரை மணி நேரத்தில் வீடு நிறைய எலும்பு நிபுணர்கள். கீழ்வீட்டு மாமா என்னைத் தொடாமலே "எல் 4, எல் 5" என்று தீர்ப்புச் சொன்னார். பெரியம்மா பிரண்டைத் துவையல் என்றார், அத்தை ஆட்டுக்கால் சூப் என்றார். எதுவும் முறியவில்லை என்று எவ்வளவு சொல்லியும் மைத்துனர் புத்தூர் கட்டுக்குக் கார் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். கடைசியில் எக்ஸ்ரேயில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. வெறும் சதைப் பிடிப்பு. "எலும்பு நல்லாத்தான் இருக்கு சார், அதைச் சுத்தி இருக்கிறதுதான்..." என்று டாக்டர் இழுத்தார்.

படுத்துக் கிடந்தபோது நெட்டி முறித்துக்கொண்டிருந்தேன். மூட்டு தேய்ந்துவிடும் என்று அம்மா அதட்டினாள். கலிஃபோர்னியாவில் டொனால்ட் அங்கர் என்ற டாக்டரையும் அவருடைய அம்மா இப்படித்தான் அதட்டினாராம். மனிதர் 60 ஆண்டுகளுக்கு மேல் இடது கையை மட்டும் நெட்டி முறித்து, வலது கையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எந்தக் கையிலும் மூட்டுவாதம் இல்லை. 2009-இல் அவருக்கு, வேடிக்கையான ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. அம்மாவை எதிர்த்துப் பேச அறுபது வருஷ ஆதாரம் திரட்டிய அந்த மனிதரை நான் கும்பிடுகிறேன்.

எலும்பு ஏதோ காய்ந்த விறகு என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அங்கே ஓயாமல் மராமத்து நடக்கிறது. ஒரு வகைச் செல் பழைய எலும்பை அரித்தெடுக்க, இன்னொரு வகை புதிதாகப் பூசுகிறது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்துதான் கடன் போகிறது. எங்கே பாரம் விழுகிறதோ அங்கே எலும்பு கெட்டிப்படும், பாரம் இல்லாத இடத்தில் இளைக்கும் என்று ஜெர்மனியின் ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார். எடையற்று மிதக்கும் விண்வெளி வீரர்களுக்கு இடுப்பு, கால் எலும்புகள் மாதம் ஒரு சதவீதத்துக்கு மேல் குறைவதால், அங்கே தினமும் உடற்பயிற்சி கட்டாயம். ராக்கெட் இல்லாமலே அந்த நிலையை நான் சோபாவில் எட்டியிருக்கிறேன்.

எலும்பின் சேமிப்பு முப்பது வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு, இருப்பதைக் கரையாமல் காப்பதுதான் பெரும்பாடு. அதற்கும் நடக்க வேண்டும், படி ஏற வேண்டும். நான் ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன், லிஃப்ட் பழுதாகும் நாட்களில். முப்பதைத் தாண்டாத யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், பத்திரிகையை மூடி வைத்துவிட்டு எழுந்து போய் வாசலில் இருக்கும் தண்ணீர் கேனை உள்ளே கொண்டு வந்து வையுங்கள். முழங்காலை மடக்கித் தூக்குங்கள். அப்பாவைக் கூப்பிடாதீர்கள்.